உப்புப் பெறாத வித்தியாசம்

பெயர் தேடா.
பிழைப்போ, தேடுவது.
கிழக்கு ஃபிரீசியாவில் யாரும்
அந்தப் பெயரை இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மேசையில்
ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த உப்பு.
கை நீளம். கலங்கிய கண்ணாடி நிறம்.
இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்
வற்றிப்போன கடல்.

அதை எஃகு உருளைக்குள் வைத்து
ஹைட்ரஜனை அடைக்கிறாள்.
ரப்பரில் கசியும், எஃகுக்குள்ளும் நுழையும்
இருப்பதிலேயே சின்ன வாயு.
உப்பு மட்டும் விடாது.
நெருக்கினால் கல்லாக உடையாமல்
பிசைந்த மாவாக மெல்ல நகர்ந்து
தன் கீறலைத் தானே மூடிக்கொள்ளும்.

புயல் இரவுகளில் காற்றாலைகள்
சுற்றிச் சேர்த்த மிச்சத்தை
காற்றசையாத ஜனவரிக்கென்று
கீழே போட்டு வைக்க வேண்டும்.
திட்டம் அவ்வளவுதான்.

வியாழன் காலை அழுத்தமானி
அரை பார் இறங்கியிருந்தது.
உப்புப் பெறாத வித்தியாசம் என்றான் டியார்க்.
அவள் வளையங்களை மாற்றினாள்.
ஒவ்வொரு திருகுக்கும் சோப்பு நுரை பூசி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.
ஒரு குமிழி இல்லை.
பதினோராம் நாள் இன்னும் அரை.

உருளையைத் திறந்தபோது
அழுகிய முட்டை வாடை.

கசியவில்லை.
தின்றிருக்கிறது, எதுவோ.

உப்புக்குள் கடுகளவு சிக்கிய நீரில்
கடல் போன சேதி தெரியாமல் கிடந்தவையா,
போன மாதம் துளையிட்ட சேற்றோடு
ஒட்டிக்கொண்டு வந்தவையா,
இன்னும் சொல்வதற்கில்லை.
பந்தி விரித்ததும் எழுந்துவிட்டன.

ஞாயிறு.
பழைய எண்ணெய்க் குகைக்கு நேர் மேலே
ஃபோக்கோவின் சமையலறை.
நிலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதில்
பின்கதவு தானே திறந்துகொள்ளும்;
ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்.
சுடுதேநீர் பட்ட கற்கண்டு
விண்ணென்று விரிசல் விட்டது.
பாலேடு அடியிலிருந்து மேகமாக எழுந்தது.
கலக்கக் கூடாது, இங்கே அது வழக்கம்.

"கசியுமா?"
கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கேட்கும் கேள்வி.
கசியாது என்பது அவளுக்குத் தெரியும்.
அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால்
பொய்யும் இல்லை.

"கீழே யாரோ இருக்கிறார்கள்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.
ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்தார்.
"எத்தனை பேர்?"

"எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

போதும் என்றால்
கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும்.
மறந்துவிட்டாள்.
அவர் மறுபடி ஊற்றினார்.