சோல் செக்‌ஷன்

கம்பெனியில் என் பிரிவுக்கு சோல் என்று பெயர்.
சூட்டில் பசை இளகும்.
அடியை மேலோடு சேர்த்து பிரஸ்ஸில் வைத்துப்
பன்னிரண்டு எண்ண வேண்டும்.
நான் எண்ணுவதில்லை.
ஒரு வரி பாடினால் சரியாக இருக்கும்.

அந்த வரியைப் பாடியவள்
கடல் தாண்டி ஏதோ ஊரில்
விட்டுப்போன ஒருவனைப் பற்றி அழுகிறாள்.
அழுகிறாள் என்பதும் தப்பு.
கடன்காரனிடம் தவணை கேட்பதுபோல்
மெதுவாக ஆரம்பிக்கிறாள்,
நடுவில் தொண்டை கிழிந்துவிடுகிறது.
அந்த வகைப் பாட்டுக்கும் சோல் என்றுதான் பெயராம்.
கேட்டதும் சிரித்துவிட்டேன்.
ஆன்மா என்று எழுதிப் பார்த்தேன்,
சாம்பிராணி வாசனை அடித்தது.
உயிர் என்று எழுதினேன்,
கொஞ்சம் கிட்டே வந்தது.
அப்புறம் சோல் என்றே விட்டுவிட்டேன்.
மிதிபடுவது எதுவோ அதுவே பாடட்டும்.

பாட்டைத் தந்தவர் லால்ரின்மாவியா.
தங்கையின் ஆபரேஷனுக்காக
தோட்டப்பாளையத்தில் எங்கள் மாடியறையை
மூன்று மாதம் எடுத்த மிசோ அண்ணன்.
ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி வந்ததும்
லைட்டைக்கூடப் போடாமல் பாட்டைப் போடுவார்.
அப்பா விட்டத்தைப் பார்த்து,
"இன்னாடி இது, தாளம் நொண்டுது" என்பார்.

ரெகே அப்பா.
அடி விழவேண்டிய இடத்தில் ஒன்றும் விழாது,
அரையிடம் தள்ளி கிடாரில் ஒரு சீவல்.
நொண்டவில்லை,
அவசரப்பட மாட்டேன் என்கிறது.
நம் பாலாறு மாதிரி,
மேலே மணல், அடியில் தண்ணீர்.
பேஸ் கிடார் வேண்டுமென்றால்
கையால் தோண்ட வேண்டும்.
(மணலையே லாரியில் அள்ளிப்போய்விட்டார்கள்,
அது வேறு பாட்டு.)

பழைய பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோவின் முதுகில்
சடைமுடி, புகை, சிவப்பு மஞ்சள் பச்சை.
யாருண்ணா இது என்றேன்.
"தெரியாதும்மா. ஸ்டிக்கர் கடையில இருந்துச்சு.
சித்தர் மாதிரி கீறாரேன்னு ஒட்டிக்கினேன்."
வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு முழம் மல்லி வேறு.
எனக்குக் கோபம் வரவில்லை.
என் பாட்டுக்காரியின் ஊர் எனக்குத் தெரியுமா,
முகம் தெரியுமா?
பெட்டி பெட்டியாகக் கப்பலேறும் எங்கள் ஷூவில் ஒன்றை
அவள் பேத்தி போட்டுக்கொண்டு நடக்கலாம்.
அவளுக்கும் என் முகம் தெரியாது.

போன ஆடியில் நானும் ஒன்று பதிந்தேன்.
பீரோவைத் திறந்து
சேலைகளுக்குள் தலையை விட்டு
அம்மாவின் கூறைப்புடவை மடிப்பில்
போனைச் சாய்த்து.
பாச்சை உருண்டை வாசனையில் பாடினால்
மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
பேஸுக்கு, காலித் தண்ணீர் கேனை
பக்கத்து வீட்டு பர்ஹானா
உள்ளங்கையால் தட்டினாள்.
ஒன்பது முறை எடுத்தோம்.
ஒன்றில் கரண்ட் போனது, ஒன்றில் குக்கர்,
ஒன்றில் பர்ஹானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ஏழாவதில் என் குரல் உடைந்தது,
உடைந்து அரையிடம் தள்ளி
கீழேயிருந்து அப்பா,
"மோட்டாரை நிறுத்துங்கடி, டேங்க் ரொம்பி ஓடுது!"
எட்டாவது சுத்தமாக வந்தது.
ஒன்பதாவது இன்னும் சுத்தம்,
கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி.
ஏழாவதை வைத்துக்கொண்டேன்.

அதைத்தான் ஐஸாலுக்கு அனுப்பினேன்.
தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் பயந்து
பாட்டை மட்டும்.
ஒரு வாரம் பதில் இல்லை.
மூன்று வாரம் இல்லை.

நேற்று டீ இடைவேளையில் ஒரு குரல்செய்தி.
அண்ணன் குரல் இல்லை.
மூச்சு வாங்கும் ஒரு பெண்குரல்,
வார்டில் நர்ஸுகளிடம் பொறுக்கிய தமிழில்:
"அக்கா, மோட்டார் நிறுத்தியாச்சா?"

திரும்பி வந்து பிரஸ்ஸில் வைத்ததை
எத்தனை வரை விட்டேன் என்று தெரியவில்லை.
ஒரு ஜோடி கருகிப்போனது.
சூப்பர்வைசர் கேட்டார்,
எண்ண மறந்துட்டேன் சார் என்றேன்.