நடுவில் எதையும் வைக்கவில்லை

இடது ஒலிபெருக்கியில் ஒரு சொடுக்கு.
அறுபது மில்லி விநாடி.
வலது ஒலிபெருக்கியில் ஒரு சொடுக்கு.
அவ்வளவுதான். அடுக்கியவள் நான்,
நடுவில் எதையும் வைக்கவில்லை.

டார்ட்டு நகரில் பிப்ரவரி. ஆறு இறுகிக் கிடக்கிறது.
நிலவறை ஆய்வகத்துக்கு வருகிறவர்கள்
கண்கட்டோடு அமர்ந்து
காற்றில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார்கள்:
இங்கே கிளம்பியது, இதோ மூக்குக்கு நேரே, போய்விட்டது.
பல் மருத்துவம் படிக்கும் ஹெலெரின் அதை வண்டு என்றாள்.
தபால்காரர் ஊர்மாஸுக்கு அது
பனிச்சறுக்கில் போகும் ஒரு பையன்,
முகம் மட்டும் தெரியவில்லையாம்.

எனக்கு அது நகர்ந்ததே இல்லை.

ஆறு வயதில் ஒரு காய்ச்சல்
என் இடது காதை எடுத்துக்கொண்டு போனது.
அன்றிலிருந்து உலகம் வலப்பக்கத்தில் குடியிருக்கிறது.
பேருந்து வலப்பக்கம் வருகிறது,
வலப்பக்கத்திலேயே தேய்ந்து போகிறது.
யாராவது "லீவிக்கா" என்றால் வலப்பக்கம் திரும்புவேன்;
பெரும்பாலும் அங்கே ஒரு சுவர்.
வேலைக்கான விண்ணப்பத்தில்
இதற்குக் கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை.

வியாழன் மாலை ஹெய்னோ வந்தார்,
மின்தூக்கி பழுதுபார்ப்பவர், விரலிடுக்கில் கிரீஸ்.
முதலில் ஏறிக்கொண்டே இருக்கும் ஒலியைப் போட்டேன்:
மேலே ஒரு சுரம் மங்கும்போதே
அதன் தம்பி கீழே சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.
படிகள் உண்டு, மாடி வராது.
உட்கார்ந்தபடியே அவர் முழங்கால் விறைத்தது.
"நாற்பது மாடி தாண்டியாச்சு.
இந்த ஊரில் அப்படி ஒரு கட்டடமே கிடையாது."

நிறுத்தினேன்.
நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.
"இப்போது இறங்குகிறது."
"எது?"
"ஒலி போனபின் இருக்கிறதே, அது."

எனக்கும் தெரியும் அது.
அதற்கு ஒரு காது போதும்.
எத்தனையோ இரவு அந்த மௌனம்
என்னையும் கீழே இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

பிறகு சொடுக்குகள்.
அவர் கோடு இழுக்கவில்லை. எழுந்தார்.
கண்கட்டோடு நாலடி நடந்து, நின்று,
இரண்டு கைகளையும் கிண்ணமாய்க் குவித்தார்.
"இங்கே. இப்படித்தான் போகிறது."
படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

அவர் போனபின் விளக்கை அணைத்து
அதே இடத்தில் கை குவித்து நின்றேன்.
சொடுக்கு.
சொடுக்கு.
இரண்டும் வலம்.

விளக்கைப் போட்டால், கம்பளத்தில்
அவர் காலணிப் பனி உருகிய ஈரம் இரண்டு.
ஒலியை ஓடவிட்டு
ஒதுங்கி நின்றேன்,
அது போகட்டும் என்று.