பத்தொன்பதாவது ய்

பார் வீதி அச்சகத்தில் எங்கட பெட்டிக்குள்
ய் மொத்தம் பதினெட்டு.
அதில் ஐந்து தேய்ந்தது, மை பிடிக்காது.

மருதமுனையிலிருந்து உதுமாலெவ்வை கதை அனுப்புவார்,
கல்முனை பஸ் கொண்டக்டர் கையில்,
கொப்பித் தாளைச் சுருட்டி, நெசவு நூலால் கட்டி.
‘சாமக்கோழி’ மாத இதழ். விலை எழுபத்தைந்து சதம்.
அட்டையில் சிவப்பு மை வழியும் ஒற்றைப் பல்.
முதல் பக்கத்திலேயே இருபத்திரண்டு பேய்.

நாயை எடுத்துவிட்டு நரியை வைத்தேன்.
தாயை அம்மா ஆக்கினேன்.
போய்ச் சேர்ந்தவன் வெறுமனே செத்தான்.
அப்பவும் காணாது.
மெஷின் ஓட்டுற பார்த்தலோட் ஐயா
பீடியை வாயில் வைத்தபடியே சொன்னார்:
“பேரைச் சொல்லாத பிள்ளை. அது எண்டு போடு.
அவும் துவும் சும்மாதானே கிடக்கு.”

அது கிணற்றடியில் நின்றது.
அது கதவைத் தட்டவில்லை, ஏனென்றால்
அது முன்னமே உள்ளே இருந்தது.

ஈயத்தைத் தலைகீழாகவே வாசித்துப் பழகினவள் நான்,
எந்தக் கதையும் எனக்குள் ஏறாது.
அன்றைக்குப் புரூஃப் தாளை நிமிர்த்திப் பிடித்ததும்
முழங்கை மயிர் எழும்பிற்று.

மறுகா கடிதங்கள்.
நிந்தவூர் ஆள் ஒருவர்: நானும் அதைக் கண்டேன்,
உங்கட ஓவியர் கீறினது பிழை, அதற்குக் கழுத்து இல்லை.
வாழைச்சேனைக் கடதாசி ஆலையிலிருந்து ஒருத்தி:
அது என்ட புருசன். விலாசம் தெரிந்தால் அனுப்பவும்.
உதுமாலெவ்வைக்கோ கோபம்:
என்ட பேயெல்லாத்தையும் எங்க விட்டாய்?

மாதக் கடைசி. பக்கத்தைக் குலைத்து
எழுத்தெழுத்தாக அறைகளில் போட்டேன்.
ய்யை எண்ணினேன். பத்தொன்பது.
விளக்கைக் கிட்ட இழுத்துத் திரும்ப எண்ணினேன்.

மற்றதெல்லாம் மதராஸ் வார்ப்பு, இடுப்பில் ஒரு வெட்டு இருக்கும்.
இதற்கு வெட்டு இல்லை. மை பட்ட தடமும் இல்லை.
வாவிச் சேற்று மணம்.
இளஞ்சூடு,
யாரோ இவ்வளவு நேரமும்
கைக்குள் பொத்தி வைத்திருந்த மாதிரி.

பார்த்தலோட் ஐயா வீட்ட போயிட்டார்.
அடுத்த இதழின் முதல் வரியைத் தொடங்கினேன்:
கொம்பை வைத்தேன். பவை வைத்தேன்.
பக்கத்தில் ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டேன்.

நான் கை நீட்டவில்லை.
அறைக்குள்
அது கிறுகிப் படுத்தது.