முன்னால் திறந்தவருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில்
எனாமல் தூக்குகளுக்கும் ரசம் போன கண்ணாடிக்கும் நடுவே
பழைய ரேடியோ என்ற பேரில் உட்கார்ந்திருந்தது.
"ஸ்டேஷன் எடுக்காது, ஷோவுக்கு வைக்கலாம்மா"
என்றார் அடைக்கலம்.
கானாடுகாத்தான் ஓட்டல்காரர் ஒருவர்
வரவேற்பறைக்கென்று விலை கேட்டுப் போயிருக்கிறாராம்.
டயலில் இருபது ஹெர்ட்ஸிலிருந்து இரண்டு லட்சம் வரை.
எந்த ஸ்டேஷனைத் தேடினாரோ மனிதர்,
நான் வாயைத் திறக்கவில்லை.
அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது.
புதுவயல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
குழந்தையா என்பதுபோல் துண்டை விலக்கிப் பார்த்தாள்.

மூடியில் நாலு திருகுக்கு மூன்று.
மூன்றும் மூன்று ரகம்.
உங்களை முதலில் சந்தித்தது அங்கேதான்.

மூடியின் உள்பக்கம் பென்சிலில்
ஒரு பிள்ளையார் சுழி.
அதன் கீழே தேதி, 14.2.91.
அதன் கீழே ஒன்றுமில்லை.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
செம்புக் கம்பியை முறுக்கி விட்டிருந்தீர்கள்.
அப்போதே கொஞ்சம் திட்டினேன்.

நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான்
கரண்ட் கொடுத்தேன்.
ஒருதரம் விழித்து மங்கியது. ஷார்ட் இல்லை.
ஆனால் வெளியே வந்தது அலை அல்ல,
அரிசி ஆலை டிரான்ஸ்பார்மர்
நடுச்சாமத்தில் உறுமுகிற அதே உறுமல்.
கண்டென்சர் இரண்டும் தலை உப்பி
உப்புக் கக்கியிருந்தன.
மாற்றினேன். உறுமல் போய்
அலை வந்தது, தலை சீவப்பட்டு.
ஸ்கோப்பில் மலை இருக்க வேண்டிய இடத்தில் மொட்டை மாடி.
சத்தத்தைக் குறைத்தால்
சின்ன மொட்டை மாடி.

மூன்று ராத்திரி.
ரேஞ்ச் சுவிட்சின் பச்சைக் களிம்பைத் துடைத்தேன்.
டிரான்சிஸ்டர்களைக் கழற்றிச் சோதித்தேன்,
எல்லாம் யோக்கியம்.
சர்க்யூட் படம் கிடையாது.
ஜவுளிக்கடைக் காலண்டரில் மார்ச்சைக் கிழித்து
பின்பக்கம் தடம் தடமாக வரைந்துகொண்டே போனால்
அலை பிறக்கிற மூலையில்
ஒரு டார்ச் லைட் பல்பு.
ஈயம் மட்டும் அங்கே உருண்டை உருண்டையாய்:
உங்கள் கை.

அங்கே முதலில் வேறொரு பல்பு இருந்திருக்கும்.
எரிந்திருக்காது.
எரியாத பல்பு போய்விட்ட பல்புதானே,
யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.
நல்லதாய் ஒன்று வாங்கிப் பற்றவைத்து
சுவிட்சைப் போட்டிருப்பீர்கள்.
அதுவும் எரியவில்லை.
பென்சிலைக் கீழே வைத்தது அப்போதாக இருக்கும்.

அந்த பல்புக்கு வெளிச்சம் வேலை இல்லை.
அலை எகிறினால் இழை சூடேறித் தடுக்கும்,
அடங்கினால் ஆறி வழிவிடும்.
கண்ணுக்குத் தெரியாத சூட்டிலேயே
ஆயுசு முழுக்க.
டார்ச் பல்புக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது,
கேட்டதையெல்லாம் விட்டுவிடும்.

ஆலை பேனல்களில் கழற்றிப்போட்ட
இருபத்துநாலு வோல்ட் பல்புகள்
ஊறுகாய் பாட்டில் நிறைய என்னிடம் இருந்தன.
ஏழாவது பல்பு, குளிரில் முப்பது ஓம்.
வைத்தேன். பிரீசெட்டை மயிரிழை திருப்ப
மொட்டை மாடி மெல்ல உருண்டு மலையானது.
டயலை நகர்த்தினால்
பள்ளத்தில் இறங்கிய சைக்கிளின் பின்சீட்டுப் பிள்ளைபோல
மூன்றுதரம் குதித்து, பிறகு நிதானம்.
அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன்.
பல்பு எரியவில்லை.
அப்பாடா.

காலையில் செபஸ்தி மைக்செட்டின் ஆம்ப்ளிஃபயர் வந்தது.
ஆயிரம் சுழற்சியை உள்ளே அனுப்பி
ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்தேன்.
மூன்றாவது வாசலில் குரல் செத்துக் கிடந்தது.
பத்து ரூபாய்ச் சாமான்.

மூடியைப் பூட்டுமுன் உங்கள் தேதிக்குக் கீழே
பென்சிலிலேயே எழுதினேன்:
இந்த பல்பு எரியாது. நல்லாத்தான் இருக்கு.
மாத்த வேணாம்.

டார்ச் பல்பைப் பத்திரமாய் எடுத்து வைத்திருக்கிறேன்.
அதில் உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.
அந்தச் செம்புக் கம்பியை மட்டும்
மன்னிக்க முடியவில்லை.