காலி வண்டி எடை

ஓ.பி. சீட்டின் முதுகில்
டாக்டரம்மா ஒரு கொய்யாக்காய் வரைந்தார்.
கொய்யா இல்லையாம், எனக்குள் இருப்பதாம்.
பக்கத்தில் இடுப்பெலும்பு, அதில் மூன்று புள்ளி.
"இதுக்குத் தீனி உங்க ஆம்பள ஹார்மோன்.
தீனிய நிறுத்தணும். வழி ரெண்டு இருக்கு."

விதைகளை எடுத்துவிடுவது ஒன்று.
ஒரே நாள், காசும் கம்மி.
இல்லையென்றால் மூணு மாசத்துக்கொரு ஊசி
தொப்புளுக்குப் பக்கத்தில்.
அதற்கு முன்னால் கொஞ்ச நாள் மாத்திரை,
இறங்குவதற்கு முன் ஒருமுறை ஏறிப் பார்க்குமாம் அது.
அணையப்போற விளக்கு மாதிரியா என்றேன்.
"விளக்கெல்லாம் இல்லீங்க, ரசாயனம்."

பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
"அய்யங்காளை யாருங்க? அய்யங்காளை!"
என்று நர்ஸ் கூவியபோது
எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.
பேர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.
காயடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.
கிட்டிக்குள் வைத்து நசுக்குவார்கள்,
மாடு கத்தாது, கண்ணை மட்டும் உருட்டும்.

ஊசி என்றேன்.
ஏனென்று டாக்டரம்மா கேட்கவில்லை, விருமாயியும் கேட்கவில்லை.
அறுபத்தாறு வயதில் யாருக்கு என்ன காட்டப்போகிறேன்.
ஆனாலும் இருக்கட்டும்.
பூட்டிய கடைக்கும் போர்டு தொங்குகிறதுதானே.

ஒத்தக்கடையில் எடைமேடை எனக்கு.
நெல் லாரி, கல் லாரி, வெங்காயம்.
முதலில் காலி வண்டி, பிறகு சரக்கோடு.
கழித்துச் சீட்டு அடித்தால் அறுபது ரூபாய்.

ரெண்டாம் ஊசிக்குப் பிறகு ஒரு மத்தியானம்
கண்ணாடிக் கூண்டுக்குள்
உள்ளங்காலிலிருந்து அடுப்பு பற்றிக்கொண்டு வந்தது.
சட்டை தொப்பல்.
சித்திரையென்றாலும் பரவாயில்லை, மார்கழி.
"என்னண்ணே இப்படி வேர்க்குது?" என்றான் டிரைவர்.
"கரண்ட் இல்லப்பா" என்றேன்,
தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க.

ராத்திரி மூன்று மணிக்கும் அதே.
போர்வையை உதைத்து எழுந்து உட்கார்ந்தேன்.
விருமாயி லைட்டைப் போடாமல்
ஈரத்துண்டைப் பிடரியில் வைத்தாள்.
"நெஞ்சுல ஏறும், பெறகு காதுக்குப் போகும்.
அஞ்சு நிமிசந்தான். எண்ணிக்கிட்டே இரு."
ஒனக்கெப்படித் தெரியும்?
இருட்டில் அவள் சிரித்தது கேட்டது.
"கோரிப்பாளையத்து வாடகை வீட்டுல
நாலு வருசம் நடுச்சாமத்துல
மாடிப்படியில போய் உக்காந்திருப்பேனே.
கொசுவத்தி வாங்கியாந்து குடுத்த.
ஞாபகமில்ல?"

ஞாபகம் இருந்தது.
கொசுவத்தி டப்பாவின் நிறம் உட்பட.

இப்போது நாலு நாளைக்கொருமுறை சவரம் போதும்.
மார்பு லேசாகத் திரள்கிறது.
ஒரு சைஸ் பெரிய சட்டை எடுத்த விருமாயி
கடைக்காரனிடம் "தொவச்சா சுருங்கும்ல" என்றாள்.
ரத்தத்தில் அறுபத்திரண்டாக இருந்தது
ஒன்று புள்ளி நாலுக்கு வந்திருக்கிறது.
ராத்திரியில் ஒன்றுக்குப் போக ஒரே தடவை.
டாக்டரம்மா கைதட்டாத குறை.
மற்றதெல்லாம் எப்படியென்று கேட்டபோது
தரையைப் பார்த்துச் சொன்னேன்:
பசியில்லாத நாள் மாதிரி.
இலை போட்டிருக்கு. உக்காரத் தோணல.

நேற்று சாயந்திரம் லாரி இல்லை.
சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவளை
மேடை நடுவில் நிறுத்திவிட்டுக் கூண்டுக்குள் ஓடிப் பார்த்தேன். அறுபது.
இருபது இருபதாகத்தான் காட்டும் இது.
ஊசி கூட்டிய மூணு கிலோ இதற்குத் தெரியாது,
குறைத்தது என்னவென்றும் தெரியாது.

திரும்பிப் போய் நானும் ஏறி நின்றேன்.
இங்கிருந்து திரை தெரியவில்லை.
யானைமலையின் முதுகில் கொஞ்சம் வெயில் மிச்சம்.
"எம்புட்டுக் காட்டுது?" என்றாள்.
பின்னால் வைக்கோல் லாரிக்காரன்
ரெண்டு தடவை ஹாரன் அடித்தான்.