தண்ணீரின் நாற்காலி

சுரங்கத்தை மூடவும் சான்றிதழ் வேண்டுமாம்.
திறந்தவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பழைய உணவுக்கூடத்தில் வகுப்பு.
கரும்பலகைக்குப் பின்னால் இன்னும்
முட்டைக்கோஸ் சூப்பின் வாடை.
ஜியு பள்ளத்தாக்கில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிட்டது.
ஹீட்டர் இருக்கும் பக்கம் இடம்பிடிக்க
நாற்பதைத் தாண்டிய நாங்கள்
பள்ளிப் பிள்ளைகளாய் முண்டியடிக்கிறோம்.

நான் ஸ்மரண்டா.
விளக்கறையில் பத்தொன்பது வருஷம்.
இறங்குகிறவனுக்கு விளக்கு,
அவன் வில்லை என் ஆணியில்.
ஆணி காலியானால் ஆள் மேலே வந்தாயிற்று.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

இப்போது புதிய சொற்கள்:
மீத்தேன் வடிகால். சரிவின் உறுதி. மறுபயன்பாடு.
"மறுபயன்பாடு நிலத்துக்கா, எங்களுக்கா?"
என்று கேட்டான் லௌரென்ட்சியு.
பயிற்சியாளர் ஒடெட்டா தலைநகரத்துப் பெண்,
பொய் சொல்ல இன்னும் பழகாதவள்.
அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கால்மான் மட்டும் எதையும் எழுதுவதில்லை.
முந்நூறு மீட்டர் ஆழத்தில் பம்ப் ஓட்டியவன்.
கிறிஸ்துமஸ் இரவில் ஓட்டினான்.
வேலைநிறுத்தத்தில் எல்லோரும் மேலேறிய பிறகும்
பம்புக்கு ஏது வேலைநிறுத்தம் என்று
கீழேயே இருந்தான்.

முதல் தேர்வில் ஒரு கேள்வி:
பம்பை நிறுத்தினால்
இரண்டாம் தளத்தை நீர் எப்போது தொடும்?
வெற்றுத் தாளைக் கொடுத்தான் கால்மான்.
"இருபத்திரண்டு வருஷம்
இந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்ளத்தான்
சம்பளம் வாங்கினேன்."

வியாழக்கிழமை நாடகம்.
மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி என்று பழக
ஆளுக்கொரு அட்டை.
லௌரென்ட்சியு மேயர்.
வெடி வைத்துக்கொண்டிருந்த ஆவ்ரெலுக்கு
பாதிரியார் வேஷம்.
எனக்குக் கம்பெனி.
படித்துப் பார்க்கவில்லை,
கம்பெனி எப்படிப் பேசும் என்று தெரியாதா எனக்கு.

அட்டைகள் தீர்ந்துபோயின. கால்மானுக்கு இல்லை.
"நான் தண்ணீர்" என்றான்.
சிரித்தோம்.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்
பின்சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

நான் ஆரம்பித்தேன்: இழப்பீடு, கட்டம் ஒன்று, வேலி.
மேயர் அருங்காட்சியகம் கேட்டார்.
சூரியத் தகடு விற்பவர் தெற்குச் சரிவைக் கேட்டார்.
ஆடு மேய்ப்பவர் அதே தெற்குச் சரிவைக் கேட்டார்.
பாதிரியார் கல்லறைக்குப் பாதை கேட்டார்.
நாடகம் என்பது மறந்து
யாரோ யாருடைய தாயையோ இழுத்த நேரம்,
பின்னால் ஒரு கீச்.

நாற்காலி ஓரடி முன்னே வந்திருந்தது.

கால்மான் யாரையும் பார்க்கவில்லை.
கைகள் முழங்காலின்மேல்.
இன்னொரு கீச். இன்னோர் அடி.
ஒடெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள்:
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, பிசகாமல்.
கோபமில்லை. அவசரமில்லை.
குறுக்கே கிடந்த யாருடைய பையையோ
மெல்ல ஒதுக்கிவிட்டு வந்தது.
ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தது.
மேயரின் குரல் பாதியில் இறங்கியது.

கட்டம் மூன்று என்று நான் வாயெடுத்தபோது
அவன் முழங்கால் என் மேசையில் இடித்தது.
தாள்களையெல்லாம் மார்போடு
தூக்கிப் பிடித்திருந்தேன்.
எப்போது தூக்கினேனோ.

யாரும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சக்கரக் கோபுரம்,
நின்ற சக்கரத்தின்மேல் பனி.

"பதினோரு மாதம்" என்றான் கால்மான்.
"இரண்டாம் தளத்துக்கு.
மழை நன்றாகப் பெய்தால் ஒன்பது.
மேற்குப் பழஞ்சுரங்கம் எவனோ ஒருவன்
வரைபடத்தில் போடாமல் விட்டது.
அந்த வழியாகத்தான் நான் வெளியே வருவேன்,
சந்தைக்குப் பக்கத்தில்."

ஒடெட்டாவின் கையேட்டில்
இதற்கு மதிப்பெண் இல்லை.
பையைத் துழாவினாள்.
அந்த வெற்றுத் தாளை எடுத்து
அவன் முன்னால் வைத்துவிட்டு
என்னிடம் பேனா கேட்டாள்.