ஐந்தே கால்

பகலில் கொண்டுபோனால் அதற்கு ஒரு நோவும் இல்லை.
பொமன் லிம் காதைச் சாய்த்துக் கேட்டு
"நல்லாத்தானே ஓடுது" என்கிறார்.
இருந்தாலும் பிளக் மாற்றினார், காயில் மாற்றினார்,
நூற்று எழுபது வெள்ளி.

மறுநாள் ஐந்தே கால்.
செம்பனைப் பக்கமிருந்து பனி இறங்கி
பீடோர் முழுக்கக் கண்ணாடிகள் வேர்த்திருக்க,
சாவியைத் திருப்பினால்
என் பழைய சாகா
காய்ச்சல்காரன்போல் உதறுகிறது.
பக்கக் கண்ணாடியில் தெருவிளக்கு இரண்டாகத் தெரிகிறது.
ஆறு நிமிடம்.
சூடேறியதும், யார், நானா? என்பதுபோல் ஒரு சாந்தம்.

குளிரில் வரும் நோயைக்
குளிரில்தான் பார்க்க வேண்டும்.
சனிக்கிழமை விடியுமுன் பானெட்டைத் திறந்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கார்புரேட்டர் கிளீனரை
இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் அடித்தேன்.
மேனிஃபோல்டின் முதுகுப் பக்கம் பட்டதும்
எஞ்சின் மூச்சிழுத்து நிமிர்ந்தது.
சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய்.
மயிரிழை வெடிப்பு.
குளிரில் வாய் பிளக்கும்,
சூட்டில் இளகி மூடிக்கொள்ளும்.
சுற்றிலும் கித்தா நட்டு வெட்டிய ஊரில்
ஒரு சாண் ரப்பருக்கு நான்கு வெள்ளி கொடுத்தேன்.

திங்கட்கிழமை பூனைபோல் கிளம்பினேன்.
சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் மரகதவல்லி:
"ஒங்க காடி உதறுற சத்தத்துலதான்
தினம் எழுந்து சோறு கட்டுவேன்.
இன்னிக்கு ஃபேக்டரி பஸ்ஸ விட்டுட்டேன்."

செவ்வாய், ஐந்தே கால்.
காடிக் கதவை
ஒருமுறை கூடுதலாக
ஓங்கிச் சாத்தினேன்.